தூதர் தந்த சொல்: செசில் ஸ்பிரிங் ரைஸும் பாரசீகமும்

தூது என்பது நம் இலக்கியத்திற்கு நன்கு பழகிய பொருள். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையாரை நாம் அறிவோம். திருக்குறளின் அமைச்சியலில் தூதுக்கெனத் தனி அதிகாரமே உண்டு. அதற்கு உரை வகுத்த பரிமேலழகர், தூதரை இரு வகையினராகப் பிரிக்கின்றார். நிலைமையைத் தாமே ஆராய்ந்து, சொல்லத் தக்கதை வகுத்துச் சொல்பவர் ஒரு வகையினர். தம் வேந்தர் சொல்லியனுப்பியதை அவ்வாறே சொல்பவர் மற்றொரு வகையினர். முன்னவர் அமைச்சரோடு ஒப்பவைக்கத் தக்கவர் என்றும், பின்னவர் அவரினும் காற்பங்கு குறைந்தவர் என்றும் அவர் அளந்து காட்டுவார்.

முதல் வகைக்குரிய அறிவும் ஆற்றலும் படைத்த ஒருவர், இரண்டாம் வகையினராய் நடக்குமாறு பணிக்கப்பட்டால் அவர் நிலை என்னாகும்? இவ்வினாவுக்கு வரலாற்றில் கிடைக்கும் விடைகளுள் ஒன்று செசில் ஸ்பிரிங் ரைஸ் (1859-1918) என்னும் ஆங்கிலத் தூதரின் வாழ்க்கை. அவர் பிரபுக் குடியில் பிறந்தவர்; ஏழாம் எட்வர்டு ஆண்ட 1901 முதல் 1910 வரையிலான காலத்தில் கெய்ரோ, பீட்டர்ஸ்பர்க், டெஹ்ரான், ஸ்டாக்ஹோம் ஆகிய நகரங்களில் பணியாற்றியவர்; பாரசீக மொழி பயின்றவர்; கவிஞர். பாரசீக மக்களுக்குத் தம் அரசின் சார்பில் அவர் ஒரு சொல் கொடுத்தார். அச்சொல் காக்கப்படவில்லை. கவிஞர் பலர் கூடியுள்ள ஒரு வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் அவரைப் பற்றி எழுதத் துணிந்தமைக்கு அதுவே காரணம். தம் கையொப்பமிட்ட சொல்லுக்கு ஒருவர் எத்துணைப் பொறுப்பாளர் என்பது கவிஞர்க்கும் உரிய வினா அன்றோ!

குடிப்பிறப்பும் பணியும்

அக்காலப் பிரிட்டனில் தூதுப் பணி எல்லார்க்கும் திறந்த வாயில் அன்று. வெளியுறவு அமைச்சரின் பரிந்துரை இன்றி எவரும் தேர்வு எழுத இயலாது. தேர்ச்சி பெற்றோரும் முதல் ஈராண்டு ஊதியமின்றி உழைத்தல் வேண்டும். ஆண்டுக்கு 400 பவுண்டு சொந்த வருவாய் உடையவராயிருத்தல் வேண்டும் என்ற விதியும் இருந்தது. முதல் உலகப் போர் முடிந்த பின், 1919இல்தான் அவ்விதி நீங்கியது. ஆகவே தூதரகங்கள் பிரபுக்களின் இளைய மைந்தர்களாலும் அவர்தம் உறவினர்களாலும் நிறைந்திருந்தன. ஒரே பள்ளியில் பயின்று, ஒரே விருந்துகளில் உண்டு, ஒருவர் வீட்டில் ஒருவர் பெண்கொண்டு வாழ்ந்த சிறு கூட்டத்தார் உலகின் பல மூலைகளிலிருந்து ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டிருந்தனர். பேரரசின் அயலுறவுக் கொள்கையில் பெரும்பகுதி அக்கடிதங்களிலேயே உருவாயிற்று.

ஸ்பிரிங் ரைஸின் பாட்டனார் தாமஸ் ஸ்பிரிங் ரைஸ் 1835 முதல் 1839 வரை பிரிட்டனின் நிதியமைச்சராக இருந்தவர். பின்னர் மான்டீகிள் பிரபு எனப் பட்டம் பெற்றவர். குடும்பத்தின் நிலங்கள் அயர்லாந்தின் லிமரிக் பகுதியில் இருந்தன. தந்தையார் சார்லஸ் வெளியுறவு அலுவலகத்தில் பணிபுரிந்தவர். அவர் இளைய மைந்தர் ஆதலால் பட்டமும் நிலமும் அவர் வழிக்கு வரவில்லை. செசில் சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். குடிப்பெருமை உண்டு, பெருஞ்செல்வம் இல்லை என்னும் அந்த இடைநிலை அவரை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. பணியை உதறிவிட்டுத் தம் தோட்டத்தில் அமர்ந்து எழுதும் வாய்ப்பு அவருக்கு வாய்க்கவில்லை.

ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரியிலும் அவர் பயின்றார். பின்னாளில் இந்தியாவின் வைசிராயாக வந்த கர்சன் அவருக்கு இரண்டிடத்தும் உடன் பயின்றவர். இருவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். 1882இல் ஸ்பிரிங் ரைஸ் வெளியுறவு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார்.

அவரது முன்னேற்றத்தில் பெரும்பங்கு வகித்தது தற்செயலாய் அமைந்த ஒரு நட்பு. 1886இல் அட்லாண்டிக் கடலைக் கடக்கும் கப்பலில் அவர் ஓர் அமெரிக்க இளைஞரைச் சந்தித்தார். சில வாரங்களில் அவ்விளைஞருக்கு இலண்டனில் திருமணம் நடந்தது. மாப்பிள்ளைத் தோழராக நின்றவர் ஸ்பிரிங் ரைஸ். மணமகனின் பெயர் தியோடர் ரூஸ்வெல்ட். பதினைந்து ஆண்டுகளில் அவர் அமெரிக்கக் குடியரசுத் தலைவரானார். ஸ்பிரிங் ரைஸையே வாஷிங்டனுக்குத் தூதராக அனுப்புமாறு ரூஸ்வெல்ட் விரும்பினார். இலண்டன் அதற்கு இணங்கவில்லை. அயல்நாட்டுத் தலைவர் ஒருவர் தமக்கு வேண்டியவரைத் தூதராகக் கேட்டுப் பெறுவது முறையன்று என அங்குக் கருதப்பட்டது போலும்.

வாஷிங்டன், டோக்கியோ, பெர்லின், கான்ஸ்டான்டிநோபிள் எனப் பல நகரங்களில் பணிபுரிந்த பின், 1899இல் அவர் முதன்முறையாகப் பாரசீகத் தலைநகரை அடைந்தார். அந்நாட்டின் மொழியும் கவிதையும் அவரை ஆட்கொண்டன. பாரசீகத்தைத் தழுவி அவர் எழுதிய 'ஜாஃபிரின் நூலிலிருந்து பாடல்கள்' 1900இல் வெளிவந்தது. மிர்சா மஹமது என்பவருடன் இணைந்து மொழிபெயர்த்த 'வாலே ஹதீஜே கதை' 1903இல் வெளிவந்தது. ஒரு நாட்டைத் தம் பேரரசின் காவல் எல்லை என்று மட்டும் கண்ட அதிகாரிகள் பலர். அந்நாட்டின் பாடலையும் செவிமடுத்தவர் சிலரே. ஸ்பிரிங் ரைஸ் அச்சிலருள் ஒருவர்.

பின்னர் கெய்ரோவில் எகிப்தின் கடன் ஆணையத்திலும், 1903 முதல் பீட்டர்ஸ்பர்க் தூதரகத்திலும் அவர் பணியாற்றினார். ஜப்பானுடன் நடந்த போரில் ரஷ்யா தோற்றதையும், 1905இல் அங்கு எழுந்த புரட்சியையும் அவர் அருகிருந்து கண்டார். அந்நாட்டு அரசின் சொல்லில் அவருக்கு ஏற்பட்ட ஐயம் பிற்காலத்தும் நீங்கவில்லை.

தூதரகத் தோட்டத்தில் மக்கள்

அவ்வாண்டுகளில் பாரசீகம் கொந்தளித்துக்கொண்டிருந்தது. 1905 டிசம்பரில் சர்க்கரை விலையை உயர்த்தினார்கள் என்று குற்றஞ்சாட்டி, டெஹ்ரான் நகர ஆளுநர் வணிகர் சிலரின் உள்ளங்காலில் அடிக்குமாறு ஆணையிட்டார். சுங்கத்துறை பெல்ஜிய அதிகாரிகளின் கையில் இருந்தது. அரசு அயல்நாட்டுக் கடனில் மூழ்கியிருந்தது. ரஷ்யாவும் பிரிட்டனும் ஆளுக்கொரு பக்கம் சலுகைகளைப் பெற்றுக்கொண்டிருந்தன. ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த நெஞ்சங்களில் வணிகர் பட்ட அடி தீயை மூட்டியது.

பாரசீகத்தில் 'பஸ்து' என்றொரு பழைய வழக்கம் உண்டு. அநீதிக்கு ஆளானவர் பள்ளிவாசலிலோ, புனிதர் அடக்கத்திலோ, அரச குதிரை லாயத்திலோ புகுந்து அமர்ந்துவிட்டால் அவரை அங்கிருந்து இழுத்துச் செல்லலாகாது. அவருடைய வழக்கைக் கேட்டே தீர்தல் வேண்டும். காலம் மாறியபோது தந்தி அலுவலகங்களும் அயல்நாட்டுத் தூதரகங்களும் அவ்விடங்களின் வரிசையில் சேர்ந்தன. 1906 ஜூலையில் சமயத் தலைவர்கள் தலைநகரை நீங்கிக் கும் நகருக்குச் சென்றனர். டெஹ்ரானில் எஞ்சியிருந்த வணிகர்கள் பிரிட்டிஷ் தூதரகத்தின் தோட்டத்தில் தஞ்சம் புகுந்தனர்.

முதலில் வந்தவர்கள் சிலரே. நாள்தோறும் தொகை பெருகி, ஆகஸ்டுத் தொடக்கத்தில் 12,000 முதல் 14,000 பேர் அங்குத் தங்கியிருந்தனர். ஒவ்வொரு தொழிற்குழுவும் தனக்கெனக் கூடாரம் அடித்துக்கொண்டது. பெருங்கொப்பரைகளில் சோறு சமைத்தனர். கடைத்தெரு அடைபட்டுக் கிடந்தது. ஊரின் உயிர்ப்பு முழுவதும் தோட்டத்திற்கு இடம்பெயர்ந்திருந்தது. அரசியல் சட்டம் என்றால் என்ன, நாடாளுமன்றம் எவ்வாறு இயங்கும் என்று கற்றவர்கள் மற்றவர்களுக்கு அங்கேயே எடுத்துரைத்தனர். தொடக்கத்தில் நீதிமன்றம் ஒன்று கேட்டவர்கள் நாளடைவில் மக்கள் அவை ஒன்றையே கேட்கலாயினர். ஆகஸ்டு 5 அன்று முசாஃபர் அல்தீன் ஷா இசைந்தார். அக்டோபரில் முதல் மஜ்லிஸ் கூடியது. டிசம்பர் 30 அன்று நோயுற்றிருந்த ஷா அடிப்படைச் சட்டத்தில் கையொப்பமிட்டார். சில நாள்களில் அவர் மறைந்தார்.

இத்தனையும் பிரிட்டனின் கொடி பறந்த தோட்டத்தில் நிகழ்ந்தது என்பதை மறத்தலாகாது. கதவைத் திறந்துவிட்ட அரசு தமக்குத் துணைநிற்கும் என்று மக்கள் நம்பியதில் வியப்பில்லை. ஸ்பிரிங் ரைஸ் பிரிட்டனின் தூதராக டெஹ்ரான் வந்து சேர்ந்தது இந்நிகழ்ச்சிகளுக்குப் பின்னர், அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில். தாம் திறவாத கதவின் வழியே வந்த நம்பிக்கைக்கு அவர் பொறுப்பாளரானார்.

புதிய மஜ்லிஸை அவர் ஏளனமாகப் பார்க்கவில்லை. அனுபவமற்ற அவை, நிலையற்ற அவை என்பதை அறிந்திருந்தும், ஒரு மக்களினம் விழித்தெழுகின்றது என்பதை அவர் உணர்ந்தார். இலண்டனுக்கும் அதை எழுதினார். 'கீழைநாட்டார்க்கு மக்களாட்சி பொருந்தாது' என்பது ஆட்சியாளர் வட்டத்தில் பழமொழி போல் வழங்கிய காலம் அது.

1907 ஆகஸ்டு 31

இதே வேளையில் பீட்டர்ஸ்பர்க்கில் வேறொரு நாடகம் அரங்கேறிக்கொண்டிருந்தது. 1905 டிசம்பரில் பொறுப்பேற்ற தாராளக் கட்சி அரசில் எட்வர்டு கிரே வெளியுறவு அமைச்சரானார். ஜெர்மனியின் வளர்ச்சி அவரை அச்சுறுத்தியது. பிரான்சுடன் 1904இல் உடன்பாடு கண்டாயிற்று. பிரான்சின் நட்பு நாடான ரஷ்யாவுடனும் பழம்பகையைத் தீர்த்துக்கொள்ளுதல் நலம் என்று அவர் கருதினார். பாரசீகம், ஆப்கானிஸ்தானம், திபெத்து ஆகிய மூன்று நாடுகளில் இரு பேரரசுகளும் உரசிக்கொண்டிருந்தன. அவற்றைப் பற்றிப் பேசித் தீர்க்கும் பணி தூதர் ஆர்தர் நிக்கல்சனிடம் ஒப்படைக்கப்பட்டது.

1907 ஆகஸ்டு 31 அன்று உடன்படிக்கை கையொப்பமாயிற்று. பாரசீகம் மூன்று கூறாயிற்று. டெஹ்ரானும் இஸ்பஹானும் உள்ளிட்ட வடபகுதி ரஷ்யாவின் செல்வாக்கு மண்டலம். இந்திய எல்லையை ஒட்டிக் கெர்மான், பந்தர் அப்பாஸ் வரை அமைந்த தென்கிழக்குப் பகுதி பிரிட்டனுடையது. இடைப்பட்டது இருவருக்கும் பொது. உடன்படிக்கையின் முகப்பில் பாரசீகத்தின் உரிமையையும் ஒருமையையும் மதிப்பதாக இருவரும் எழுதிவைத்தனர். அந்நாட்டு அரசையோ மஜ்லிஸையோ ஒரு சொல் கேட்டாரில்லை. வீட்டுக்காரர் உள்ளே இருக்க, வாசலில் நின்ற இருவர் அறைகளைப் பங்கிட்டுக்கொண்டது போலாயிற்று.

அதே நாளில் டெஹ்ரானில் முதலமைச்சர் அமீன் அல்சுல்தான் மஜ்லிஸின் வாயிலருகே சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு நாட்டின் தலைநகரில் ஆட்சி தடுமாறிய அன்றே, தொலைவிலுள்ள மற்றொரு தலைநகரில் அந்நாட்டின் வரைபடத்தில் கோடு விழுந்தது.

ஸ்பிரிங் ரைஸ் இவ்வுடன்படிக்கையை விரும்பவில்லை. மக்கள் நம்மை விடுதலையின் நண்பர் என்று எண்ணினர், இனித் துரோகிகள் என்று எண்ணுவர் என்னும் கருத்தை அவர் கிரேக்கும் நண்பர்களுக்கும் மீண்டும் மீண்டும் எழுதினார். 'டைம்ஸ்' இதழின் அயல்நாட்டுப் பகுதி ஆசிரியர் வாலண்டைன் சிரோல் அந்நண்பர்களுள் ஒருவர். பின்னாளில் திலகர் இலண்டனில் தொடுத்த மானநட்ட வழக்கின் எதிர்வாதியாக நாம் அறிந்த சிரோல் அவர்தாம்.

ஸ்பிரிங் ரைஸின் எதிர்ப்பில் அறவுணர்வு மட்டுமே இருந்தது என்று கூறுதல் உண்மைக்குப் பொருந்தாது. அவர் பேரரசின் ஊழியர். ரஷ்யாவின் மேல் தீராத ஐயம் கொண்டவர். பாரசீக மக்களின் நல்லெண்ணத்தை இழப்பது பிரிட்டனுக்கே இழப்பு என்னும் கணக்கும் அவர் வாதத்தில் உண்டு. பிரபுக்கள் அவையில் 1908 பிப்ரவரியில் இவ்வுடன்படிக்கையைக் கடுமையாகத் தாக்கிய கர்சன், பிரிட்டன் பெற்றது குறைவு, கொடுத்தது மிகுதி என்றே வருந்தினார். ஸ்பிரிங் ரைஸின் வருத்தத்தில் அக்கணக்கோடு வேறொன்றும் கலந்திருந்தது. அவர் நாள்தோறும் முகம் பார்த்துப் பேச வேண்டிய மனிதர்கள் டெஹ்ரானில் இருந்தனர்.

கொடுத்த சொல்

உடன்படிக்கைச் செய்தி டெஹ்ரானில் பரவியதும் அச்சமும் சினமும் எழுந்தன. நாட்டைத் துண்டாடிவிட்டார்கள் என்று இதழ்கள் எழுதின. அதை மறுத்து மக்களின் மனத்தை ஆற்றவேண்டிய கடமை தூதருடையது. 1907 செப்டம்பரில் ஸ்பிரிங் ரைஸ் பாரசீக அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். இரு வல்லரசுகளும் பாரசீகத்தின் தன்னுரிமையை அழிக்க எண்ணவில்லை. அதை நிலைநாட்டவே விரும்புகின்றன. உள்நாட்டு அலுவல்களில் தலையிடுவதற்கு இனிக் காரணம் இராது. பங்கீடு என்பது வெறும் வதந்தி. அறிக்கையின் சாரம் இதுவே.

அந்த அறிக்கையைக் காணும்போது நெஞ்சில் ஒரு முள் தைக்கின்றது. உடன்படிக்கையால் நேரக்கூடிய கேட்டை மேலிடத்துக்கு மறைவாக எழுதியவர் அவர். அதன் நலத்தை மக்களுக்கு வெளிப்படையாக எடுத்துரைத்தவரும் அவர். அவர் பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. வேறோர் எண்ணம் அவருக்கு இருந்திருக்கலாம். எழுத்தில் ஓர் உறுதியைப் பதித்துவிட்டால், பின்னர் அதனைக் காட்டியேனும் தம் அரசைக் கட்டுப்படுத்தலாம் என்று அவர் நம்பியிருக்கக்கூடும். ஆயின் கூறியது கூறும் தூதருக்கு அத்தகைய ஆற்றல் கிடையாது.

அவ்வாண்டு நவம்பரில் உடல் நலிவால் அவர் டெஹ்ரானை நீங்கினார். 1908 ஜூன் 23 அன்று புதிய ஷாவான முகமது அலியின் ஏவலால், ரஷ்யக் கர்னல் லியாகோவ் தலைமையிலிருந்த கோசாக்குப் படை மஜ்லிஸ் கட்டடத்தைப் பீரங்கியால் தகர்த்தது. அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னர்த்தான், மே 26 அன்று, பொது மண்டலமாக விடப்பட்ட தென்மேற்கில் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீறிட்டு எழுந்திருந்தது. பாரசீகத்தை நோக்கிய பேரரசுகளின் பசிக்கு அன்று முதல் புதியதொரு காரணமும் சேர்ந்தது.

1909இல் அரசியல் சட்டத்தார் மீண்டும் வென்று, ஷாவை நீக்கினர். நிதியைச் சீராக்க 1911இல் மார்கன் ஷஸ்டர் என்னும் அமெரிக்கரை அழைத்தனர். அவர் எவருக்கும் அஞ்சாது வரி தண்டினார். ரஷ்யா சினந்தது, அவரை நீக்குமாறு அவ்வாண்டு நவம்பரில் இறுதி எச்சரிக்கை விடுத்துப் படையையும் நகர்த்தியது. மஜ்லிஸ் பணிய மறுத்தது. டிசம்பரில் மஜ்லிஸே மூடப்பட்டது. பிரிட்டன் ரஷ்யாவைத் தடுக்கவில்லை. ஷஸ்டர் நாடு திரும்பி 1912இல் 'பாரசீகத்தின் குரல்வளை நெரிப்பு' என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டார். ஸ்பிரிங் ரைஸின் 1907ஆம் ஆண்டு அறிக்கையை அந்நூலில் எடுத்துக்காட்டி, பிரிட்டன் தந்த சொல் இது, செய்த செயல் இது என்று உலகின் முன் வைத்தார். தம் அரசைக் கட்டுப்படுத்துவதற்குப் பயன்படாத தாள், அதன் மேல் குற்றஞ்சாட்டுவதற்குப் பயன்பட்டது. அதன் அடியில் இருந்த பெயரோ கிரேயுடையது அன்று, ஸ்பிரிங் ரைஸுடையது.

பேசியவரும் பேசாதவரும்

அந்நாளில் பேசத் துணிந்தவர் இல்லாமற் போகவில்லை. கேம்பிரிட்ஜில் கீழைமொழிகளைக் கற்பித்த எட்வர்டு பிரவுன் பாரசீக மக்களின் பக்கம் நின்றார். 1908இல் பாரசீகக் குழு ஒன்று இலண்டனில் அமைய அவரும் காரணமானார். 1910இல் பாரசீகப் புரட்சியின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். தம் அரசின் கொள்கையை வெளிப்படையாகக் கண்டித்தார். ஆனால் அவர் பேராசிரியர், தூதர் அல்லர்.

தூதுப் பணியிலிருந்த கவிஞர் வில்பிரிட் பிளன்ட் 1869இலேயே பணியை விட்டார். எகிப்தின் உரிமைக்காகவும் அயர்லாந்தின் உரிமைக்காகவும் எழுதினார். அயர்லாந்தில் 1888இல் சிறையும் சென்றார். ஆனால் அவர் பெருநிலக்கிழார். அரசின் ஊதியம் அவருக்குத் தேவையில்லை. ரெவல்ஸ்டோக் பிரபுவின் மைந்தர் மாரிஸ் பேரிங்கும் 1904இல் தூதுப் பணியைத் துறந்து எழுத்தாளரானார்.

ஸ்பிரிங் ரைஸ் துறக்கவில்லை. பிரபுக் குடியினர் எல்லாரும் ஒரே வகையான உரிமையோடு வாழ்ந்தவர் அல்லர் என்பதை இவ்வேறுபாடு காட்டுகின்றது. பணியைத் துறப்பதற்கும் ஒரு முதல் வேண்டியிருந்தது. 1904இல் அவர் பெர்லின் தூதர் பிராங்க் லாசெல்ஸின் மகள் புளோரன்ஸை மணந்தார். இரு குழந்தைகள் பிறந்தனர். எனினும் பொருள்நிலை ஒன்றையே காரணமாகச் சொல்லி முடித்துவிட முடியாது. உள்ளிருந்து சொன்னால் கேட்பார்கள் என்னும் நம்பிக்கை அறிவாளர் பலரையும் அரண்மனைகளில் கட்டிவைத்திருக்கின்றது. அவரையும் அது கட்டிவைத்தது.

இரு தாயகங்கள்

டெஹ்ரானை நீங்கிய மறு ஆண்டில், 1908இல், அவர் ஸ்டாக்ஹோம் தூதராக அமர்ந்தார். பெரும் பூசல்கள் இல்லாத ஊர் அது. அவ்வாண்டில் அவர் ஒரு கவிதை எழுதினார். 'இறைவனின் நகரம்' என்று பொருள்படும் இலத்தீன் தலைப்பு அதற்கு உண்டு. 'இரு தாயகங்கள்' என்றும் அதற்குப் பெயர். மனிதர் ஒருவர் பிறந்த நாட்டுக்கும் கடமைப்பட்டவர், கண்ணுக்குப் புலனாகாத வேறொரு நாட்டுக்கும் கடமைப்பட்டவர் என்பதே அதன் பொருள். சமயக் கவிதையாகவே அதனைப் பலரும் படிக்கின்றனர். அவ்வாறு படிப்பதில் பிழையில்லை. ஆனால் பாரசீக அறிக்கையை எழுதிய கை, ஓராண்டுக்குள் இதனையும் எழுதியது என்பதை அறிந்தோர்க்கு இரு தாயகங்கள் என்னும் தலைப்பு வேறு கனத்தோடு ஒலிக்கும். ஒன்றின் ஆணை மற்றொன்றின் ஆணையோடு மோதும்போது எதற்குப் பணிவது என்று கவிதை வெளிப்படையாகக் கேட்கவில்லை. கேளாத அந்த வினாவே அதன் இரு பகுதிகளுக்கும் இடையில் நிற்பதாக எனக்குத் தோன்றுகின்றது.

1912இல் அவர் வாஷிங்டனுக்குத் தூதராக நியமிக்கப்பட்டார். வெகுநாள் விரும்பிய பதவி காலங்கடந்து கைக்கு வந்தது. நண்பர் ரூஸ்வெல்ட் அப்போது பதவியில் இல்லை. 1913 மார்ச்சில் உட்ரோ வில்சன் குடியரசுத் தலைவரானார். முன்பு அவரை உயர்த்திய நட்பு இப்போது அவர் மேல் ஐயம் கொள்ளக் காரணமாயிற்று. 1914இல் போர் மூண்டபின் அமெரிக்காவைத் தம் பக்கம் ஈர்க்கும் பொறுப்பு அவருடையது. மேடையேறி முழங்குவது பயன்தராது, அமெரிக்கர் தாமே தம் முடிவுக்கு வருவர் என்று அவர் அடக்கம் காத்தார். 1917 ஏப்ரல் 6 அன்று அமெரிக்கா போரில் இறங்கியது.

அவ்வாண்டுகளில் அவர் குடும்பத்திலேயே இரு தாயகங்கள் மோதின. அவருடைய பெரியப்பா மகன்தான் அன்றைய மான்டீகிள் பிரபு. நம் முறைப்படி அண்ணன். அந்த அண்ணன் மகள் மேரி ஸ்பிரிங் ரைஸ், 1914 ஜூலை 26 அன்று அயர்லாந்து விடுதலைத் தொண்டர்களுக்காக 900 துப்பாக்கிகளை ஹோத் துறைமுகத்தில் இறக்கிய 'அஸ்கார்டு' படகில் வந்தவர். அத்துப்பாக்கிகளுள் சில 1916இல் டப்ளின் எழுச்சியில் வெடித்தன. அதே 1916இல் செசிலின் தம்பி ஜெரால்டு பிரிட்டிஷ் படையில் போரிட்டு உயிர்நீத்தார். அயர்லாந்து வழிவந்த அமெரிக்கரின் சினத்தை வாஷிங்டனில் அளந்து இலண்டனுக்கு எழுதிக்கொண்டிருந்தவர் செசில்.

நம் நாட்டோடும் அவர் பணிக்கு ஒரு தொடர்பு உண்டு. அமெரிக்காவில் இயங்கிய கதர் கட்சியினர் மேல் நடவடிக்கை எடுக்குமாறு அந்நாட்டு அரசை வற்புறுத்தியது அவர் தலைமையிலிருந்த தூதரகம். 1917 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் அவர்கள் மேல் பெருவழக்குத் தொடங்கியது. பாரசீகரின் விழிப்பைப் போற்றிய நெஞ்சம், இந்தியரின் விழிப்பைக் குற்றமாகக் கண்டது. இதனை மறைத்துவிட்டு அவரைப் போற்றுவது வரலாற்றுக்குச் செய்யும் தீங்காகும். அயலார் ஆளுகைக்கு உட்படவிருந்த நாட்டின் உரிமை அவருக்குத் தெரிந்தது. தம்மவர் ஆளுகைக்கு ஏற்கெனவே உட்பட்டிருந்த நாட்டின் உரிமை தெரியவில்லை.

1918 ஜனவரியில் அவர் பதவியிலிருந்து திடுமெனத் திரும்பப் பெறப்பட்டார்; ரெடிங் பிரபு அவரிடத்துக்கு வந்தார். வாஷிங்டனை விட்டுப் புறப்படும் வேளையில் அவர் தம் பழைய கவிதையை எடுத்தார். முதற்பகுதியிலிருந்த போர் முழக்கத்தை நீக்கி, ஈகையையும் அன்பையும் அவ்விடத்தில் வைத்துத் திருத்தினார். அதன் படி ஒன்றை அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவுச் செயலர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனுக்கு அனுப்பினார். பின்னர் கனடா சென்று, ஒட்டாவாவில் தலைமை ஆளுநரின் மாளிகையில் விருந்தினராகத் தங்கினார். பிப்ரவரி 14 அன்று அங்கேயே உயிர் பிரிந்தது. வயது ஐம்பத்தொன்பது நிறைய இன்னும் பதின்மூன்று நாள்கள் இருந்தன. ஒட்டாவாவின் பீச்வுட் இடுகாட்டில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

எஞ்சியவை

1921இல் இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் அக்கவிதைக்குத் தம் கோள்கள் வரிசை இசையிலிருந்து ஒரு மெட்டை எடுத்து அமைத்தார். அதுமுதல் அது பிரிட்டனில் போரில் மாண்டோர் நினைவு நாள்களில் பாடப்பெறும் பாடலாயிற்று. இளவரசி டயானாவின் திருமணத்தில் 1981இலும், அவரது இறுதிச் சடங்கில் 1997இலும் அது ஒலித்தது. பிறந்த நாட்டுக்கு வினா எழுப்பாத பற்றைக் கோருவது சமயத்துக்கே மாறானது என்று ஆங்கிலத் திருச்சபையின் ஆயர் ஒருவர் 2004இல் அதனைக் கண்டித்தார்.

ஆயரின் கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆனால் அக்கவிதையை எழுதியவர் வினா எழுப்பாதவர் அல்லர். அவருடைய கடிதங்கள் 1929இல் இரு தொகுதிகளாக வெளிவந்தன. அவற்றைப் புரட்டினால், பக்கத்துக்குப் பக்கம் தம் அரசை வினவிக்கொண்டும் எச்சரித்துக்கொண்டும் இருந்த ஒருவரைக் காணலாம். கடிதத்தில் கேட்டதை அறிக்கையில் அவர் கேட்கவில்லை. அறிக்கையில் கேளாததைக் கவிதையிலும் கேட்கவில்லை. நெருங்கியோர் மட்டும் படித்த எழுத்தில் உண்மை இருந்தது. ஊரார் படித்த எழுத்தில் பணிவு இருந்தது. பாரசீக மக்கள் கையில் கிடைத்தது பின்னதே.

எழுதுவோராகிய நமக்கும் இரு வகை எழுத்து உண்டு. மேடையிலும் மலரிலும் வாழ்த்துரையிலும் எழுதுவது ஒன்று. நண்பருக்குத் தனியே எழுதுவது மற்றொன்று. இரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு என்று நம்முள் எவரும் எளிதில் அளந்துகொள்ளலாம். 1906இல் டெஹ்ரான் தோட்டத்தில் கூடாரமடித்து அமர்ந்திருந்த வணிகரும் தொழிலாளரும் ஒரு தூதரகத்தின் சொல்லை நம்பித் தங்கள் கடைகளைப் பூட்டிவிட்டு வந்தவர்கள். நம் சொல்லை நம்பியும் எங்கோ ஒருவர் தம் கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கக்கூடும். பத்தாண்டுகளாகச் சொல்லைப் போற்றிக் கூடிவரும் நம் வட்டத்தார் அவரையும் நினைவிற்கொண்டு எழுதுதல் நன்று.